விலக்கல் காத்தல் ஆகுமா?

மெலிந்தாரைக் காக்க வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், காத்தல் என்பது யாது? துன்பம் நேரக்கூடும் என்று நாம் கருதும் இடத்தினின்று ஒருவரை விலக்கி வைத்துவிட்டால் அவரைக் காத்தவராவோமா? விலக்கிய பின் அவருக்கு நேர்வதைப் பற்றி நமக்குக் கடமை ஏதுமில்லையா? அறநூலாருக்கே உரிய வினாப்போலத் தோன்றும் இதனை, நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் நாம் அடிக்கடி காணும் பக்கவாத நோயை வைத்து ஆராய்வோம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ உண்டாவது பக்கவாதம். உயிர் பிழைத்தவர்க்கு அதன்பின் நெடிய வழி ஒன்றுண்டு. சோர்ந்த கையையும் காலையும் நாவையும் மீண்டும் பழக்க வேண்டும். எப்பயிற்சி, எந்நாளில், எவ்வளவு என்பதை ஊகத்தால் அறிய இயலாது. நோயாளரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் புதிய பயிற்சியும் மற்றவர்க்கு வழக்கமான பயிற்சியும் அளித்து, பயனை ஒப்பிட்டே அறிதல் வேண்டும். அவ்வாராய்ச்சிகளில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுப்பது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் உள்ளத்தில் இவ்வினாவை எழுப்பியவர் ஒரு மூதாட்டி. முப்பதாண்டுகள் பால்மரம் வெட்டியவர். பக்கவாதத்தால் வலக்கையும் பேச்சும் இழந்தார். பட்டணத்து மருத்துவமனை ஒன்றில் கைப்பயிற்சி பற்றிய ஆராய்ச்சி நடப்பதறிந்து மகன் அவரை அழைத்துச் சென்றார். சேர்க்கவில்லை. காரணங் கூறும் ஆங்கிலக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, தாயையும் உடனழைத்து, தோட்டத்துக் கிராணியாகிய நம்மிடம் வந்தார். கேட்கும் வினாக்களுக்குத் தாமே விடையளிக்க இயலாதவரைச் சேர்ப்பது முறையன்று என்று அதிற் கண்டிருந்தது. படித்துச் சொன்னோம், அது நியாயமே என்றும் சொன்னோம். “அம்மாவுக்குப் பேச்சுத்தானே போயிற்று, ஐயா, புத்தி போகவில்லையே” என்றார் மகன். நமக்கு விடை தோன்றவில்லை. அவ்வம்மையார் எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை; நாமுங் கேட்கவில்லை.

ஆராய்ச்சிக்கு வாயில் வேண்டியதே. அமெரிக்காவில் ஏழு இடங்களில் நடந்து 2006-ல் முடிவு வெளியான ‘எக்ஸைட்’ என்னும் ஆராய்ச்சியில், நல்ல கைக்கு உறையிட்டு நோயுற்ற கையையே பயன்படுத்தச் செய்தனர், பயனும் கண்டனர். ஆயின் 3,600 பேருக்கு மேல் பரிசீலித்து அவர்கள் சேர்த்துக்கொண்டது 222 பேரையே. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் உயர்த்த முடியாதவர்க்கு அப்பயிற்சியே பொருந்தாது. ஆதலின் அவரை விடுத்தது தவறன்று. ஆராயும் பொருளே எழுப்பிய வாயில் அது. ஆராய்வோரின் வசதி எழுப்பும் வாயில் வேறு. பேச முடியாதவர், ஆட்சிமொழியோ ஆங்கிலமோ அறியாதவர், மிக முதியவர், வாரந்தோறும் வண்டிக்கூலி கொடுத்து வர இயலாதவர், கூடவரின் ஒருநாட் கூலியை இழக்கும் பிள்ளைகளையுடையவர் ஆகிய இவர்களெல்லாம் எப்பொருளை ஆராய்ந்தாலும் வெளியிலேயே நிற்கின்றனர். பக்கவாதங் கண்டவருள் ஏறத்தாழ மூன்றிலொருவர்க்குப் பேச்சுத் தடைப்படுகின்றது. பெண்களுக்கு இந்நோய் ஆண்களினும் மூத்த வயதில் வருவதால், வயதெல்லை வகுத்த இடங்களில் அவர்களே மிகுதியும் விலக்குண்கின்றனர். இத்துணைப் பேரை விடுத்துக் கண்ட முடிவை மனித குலத்தின் முடிவென்று எழுதுவது எங்ஙனம் பொருந்தும்?

“எளியவர் உடலைச் சோதனைக்கு ஆளாக்காமல் காக்கின்றோம்” என்பது முதல் விடை. இதனை ஒரு மெய்ந்நிகழ்ச்சி கொண்டு பார்ப்போம். பக்கவாத நோயாளரை எவ்வளவு விரைவில், எத்தனை முறை எழுப்பி நடமாட விடுகின்றோமோ அவ்வளவு நன்று என்று பலரும் நம்பினர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவற்றோடு நம் மலேசியாவும் சிங்கப்பூரும் பங்கெடுத்த ‘அவெர்ட்’ ஆராய்ச்சி 2,104 நோயாளரைக் கொண்டு இதனைச் சோதித்தது. 2015-ல் வெளிவந்த முடிவு யாது? நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பப்பட்டவருள், மூன்று மாதங்கழித்து நன்னிலையில் இருந்தவர் நூற்றுக்கு 46. வழக்கமான பராமரிப்புப் பெற்றவருள் நூற்றுக்கு 50. அன்பினாற் செய்தது சிலருக்குத் தீங்காயிற்று; சோதித்திராவிடில் அத்தீங்கு எவர் கண்ணுக்கும் பட்டிராது.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்றுண்டு. ஆராய்ச்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் சோதனைக்குத் தப்பினார் என்பது பிழை. அவருக்கும் ஏதோ ஒரு சிகிச்சை செய்யத்தான் போகின்றார்கள். அஃது அவர்போன்றவர்க்குப் பொருந்துமா என்பது மட்டும் எவருக்குந் தெரியாது. அவர்மேலும் சோதனை நடக்கின்றது; அதற்குக் கணக்கெழுதுவார் இல்லை, அவ்வளவே.

வறியோரிடையே சென்று ஆராய்ந்ததற்கும் சான்றுண்டு. பயிற்சியாளர் போதாத நாடுகளில் குடும்பத்தாரே பயிற்சி அளிக்கக் கற்றுக்கொண்டால் நோயாளர் தேறுவரா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளரைக் கொண்டு ‘அட்டெண்ட்’ ஆராய்ச்சி நடந்தது. பயன் வேறுபடவில்லை என்று 2017-ல் அறிவித்தனர்; ஆறு மாதங்களின் பின் இறந்தோரும் பிறர் கையை எதிர்பார்த்திருந்தோரும் இரு பிரிவிலும் நூற்றுக்கு 47. இதனைத் தோல்வி என்பார் சிலர். நாம் அங்ஙனம் கருதவில்லை. சோதியாமலே இம்முறையைப் பரப்பியிருந்தால், அரைவயிற்றுக் குடும்பங்கள் பயனற்ற சுமை ஒன்றையும் தலைமேல் ஏற்றிருக்கும். தாய் தேறாததற்குத் தம் சோம்பலே காரணமென்று பிள்ளைகள் தம்மையே நொந்துகொண்டிருப்பர். வறியோர்க்கு ‘இல்லை’ என்ற உண்மையைக் கேட்கவும் உரிமை உண்டன்றோ?

இரண்டாவது தடை வலியது. “ஆராய்ச்சியின் பெயரால் எளியோரை ஏய்த்தது போதாதா?” என்று கேட்பார் உளர். அமெரிக்காவில் டஸ்கீகி என்னுமிடத்தில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கொண்ட கறுப்பின ஆடவரை, பெனிசிலின் கிடைத்த பின்னரும் உண்மை சொல்லாமலும் சிகிச்சை செய்யாமலும் அரசாங்கத்து மருத்துவரே பார்த்துக்கொண்டிருந்தனர். ஆதலின் எளியோரின் ஐயம் அறியாமையன்று, பட்டறிவு. அத்துணைத் தொலைவு போவானேன்? தோட்டத்தில் கிராணி ஒரு தாளை நீட்டினால், வாசியாமலே கைநாட்டு வைப்பவரை நாம் அறிவோம். அஃது இசைவாகுமா? அச்சத்தின் அடையாளமே ஆகும். சேர்த்தல் என்ற பெயரால் இங்ஙனம் ஆள்பிடித்தல் நிகழுமாயின், விலக்குதலே மேல்.

ஆயின், ஏய்ப்புக்கு மருந்து விலக்குதலன்று, மெய்யான இசைவே. மருத்துவ ஆராய்ச்சியின் அறங்கூறும் ஹெல்சிங்கிப் பிரகடனம், போதிய இடம் பெறாத பிரிவினர்க்கு ஆராய்ச்சியிற் சேரத் தக்க வழி அளிக்க வேண்டும் என்று 2013-ல் திருத்தியபோது கூறியது. பிரிட்டனில் 2020-ல் வெளியான வழிகாட்டுக் குறிப்பொன்று, இத்தகையோரை ‘எட்டுதற்கரியார்’ என்னாது ‘போதிய தொண்டு பெறாதார்’ என்றே வழங்கியது. சொல் மாறியதால் குற்றமும் இடம் மாறிற்று. வராதவர்மேற் சுமத்திய பழி, அழைக்க அறியாதவரிடம் சேர்ந்தது.

செய்யத்தக்கவை அரியனவுமல்ல. இசைவுத் தாளை நோயாளரின் தாய்மொழியில், எளிய நடையில் எழுதுக. பேச்சிழந்தவர்க்குப் படங்களும் சிறு வாக்கியங்களும் காட்டி, தலையசைவுக்கும் விரற்குறிக்கும் காத்திருக்க. தாமே முடிவுசெய்ய அறவே இயலாதவர்க்கு, அவரை நன்கறிந்த ஒருவரைக் கலந்து அவர் விருப்பம் எதுவாயிருக்கும் என்று அறிய இங்கிலாந்தில் 2005-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கின்றது. அதுபோன்ற ஏற்பாட்டை எங்கும் எண்ணிப் பார்க்கலாம். வண்டிக்கூலி கொடுக்க, இயன்றால் வீட்டுக்கே செல்க. மேலதிகாரியோ கிராணியோ அருகில் இல்லாதபோது இசைவு கேட்க. வேண்டாமென்பவர்க்கு வழக்கமான சிகிச்சை ஒருசிறிதும் குறையாது என்பதை முதலிலேயே சொல்லுக. யார் யாரை எக்காரணத்தால் விடுத்தோம் என்பதை முடிவோடு சேர்த்து வெளியிடுக. இவற்றிற்குப் பொருளுங் காலமுஞ் செலவாகும் என்பது மெய்யே. அச்செலவை மிச்சம் பிடித்தால் அதனை யாரோ ஒருவர் தம் கைகால்களாற் கட்ட நேரிடும்.

படித்தவர் எனப்படும் நமக்கும் இதிற் கடமை உண்டு. பிறர்பொருட்டு ஆங்கிலத் தாளைப் படிப்பவர், அதிலுள்ளதைச் சொல்வதோடு நிற்க வேண்டும். தம் விருப்பத்தை அதனுடன் சேர்த்தல் தகாது. ‘பாவம், இவரால் ஆகாது’ என்று தீர்ப்பளித்தலுந் தகாது. அவ்விரண்டாவது பிழையை நாமே செய்தோம்.

பின்னொரு நாள் அம்மூதாட்டியின் வீட்டிற்குச் சென்று, மீண்டும் அப்படி ஓர் ஆராய்ச்சி வருமானால் செல்ல விருப்பமா என்று மெல்லக் கேட்டோம். நெடுநேரம் நம்மை நோக்கியிருந்தவர், இடக்கையால் தம் வலக்கையைத் தூக்கி மடிமேல் வைத்துக் காட்டித் தலையசைத்தார். அவர் விருப்பம் என்ன என்பதை அறிய, கேட்பதொன்றே வேண்டியிருந்தது.