ஹயாத்து அவ்வளவுதானா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோன்புப் பெருநாளன்று, என் மகள் தன் பெருநாள் காசில் இரண்டு தங்கமீன்களை வாங்கி வந்தாள். கூடவே ஒரு வட்டக் கண்ணாடிக் குடுவையும் வந்தது. வரவேற்பறை மேசைமீது வைக்கப்பட்ட அக்குடுவை வீட்டுக்கே ஓர் அழகைத் தந்தது. நாள்தோறும் பழைய நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, குடுவையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழாயிலிருந்து புதுநீர் நிரப்பினோம். அன்பின் மிகுதியால் வேளைக்கு வேளை தீனியும் தூவினோம். ஒன்பதாம் நாள் ஒன்றும் பதினோராம் நாள் மற்றொன்றும் இறந்து மிதந்தன.

“ஏன் வாப்பா செத்துப் போச்சு?” என்று மகள் கேட்டாள்.

“அதுக்கு ஹயாத்து அவ்வளவுதாம்மா” என்றேன்.

நம் வீடுகளில் துயரத்தை ஆற்ற இதைவிட இதமான சொல் வேறில்லை. குழந்தையின் அழுகையும் நின்றது.

சென்னையில் கொளத்தூர், வண்ணமீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் பெயர் பெற்ற பகுதி. பின்னொரு நாள் அங்கே மீன் வளர்க்கும் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். “எத்தனை லிட்டர் தண்ணி?” என்று கேட்டார். “நான்கு லிட்டர் இருக்கும்” என்றேன். “கழுவிக் கழுவியே கொன்னுட்டீங்க, பாய்” என்றார்.

அவர் விளக்கிய பிறகே உண்மை புலப்பட்டது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்னும் நஞ்சை இடைவிடாது நீரில் கழிக்கிறது. மிஞ்சிய தீனி அழுகுவதால் அந்நஞ்சு மேலும் பெருகுகிறது. தொட்டியின் சுவரிலும் கற்களிலும் படிந்து வாழும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகி நிலைபெறச் சில வாரங்கள் வேண்டும். நாங்களோ நாள்தோறும் அவற்றைத் தேய்த்துக் கழுவினோம். போதாக்குறைக்கு, குழாய் நீரின் குளோரின் மீனின் செவுளை அரித்தது. வெயில் காலத்தில் நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயுவும் குறையும். வாய் குறுகிய குடுவையில் காற்று கலக்கும் பரப்போ மிகச் சிறிது. எங்கள் அன்பில் குறை இருக்கவில்லை, அறிவில்தான் இருந்தது.

இங்கிலாந்தில் 1956-ஆம் ஆண்டு கண்காட்சி ஒன்றில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று, 1999 வரை 43 ஆண்டுகள் வாழ்ந்தது. நல்ல தொட்டியில் பத்துப் பதினைந்து ஆண்டு வாழ்வது அம்மீனுக்கு இயல்பே. அப்படியாயின், பதினோரு நாளில் இறந்ததைக் காட்டி, “ஹயாத்து அவ்வளவுதான்” என்று நான் சொன்னது எத்தகைய பேச்சு? ஆயுளை வகுப்பவன் இறைவனே; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கை, நேர்ந்ததைத் தாங்கும் வலிமைக்காக நமக்கு அருளப்பட்டது. நம் கையின் பிழையை மூடிக்கொள்ளும் போர்வையாக அதை ஆக்கலாமா?

ஓர் உயிரை நம் கண்ணின்பத்துக்காக அடைத்து வைப்பதே முறைதானா என்று சிலர் கேட்கக்கூடும். அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சிட்டுக்குருவியை வளர்த்ததை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அது இறந்தபோது பரிவோடு விசாரித்தார்கள் என்பதை நாம் அறிவோம். பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே தேடி உண்ண வெளியேயும் விடாமல் கொன்ற பெண்ணுக்கு நேர்ந்த தண்டனையையும் அறிவோம். வளர்ப்பது குற்றமன்று, அடைத்துவிட்டு அதன் தேவையை மறப்பதே குற்றம்.

பூனைக்கு இருந்த வழி தங்கமீனுக்கு இல்லை என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். பூனையைத் திறந்துவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். தங்கமீனோ, சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மங்கிய நிறமுடைய ஒரு கெண்டையினத்திலிருந்து மனிதன் பொறுக்கியெடுத்துப் பெருக்கியது. மிங் மரபினர் காலத்தில் அது குளத்திலிருந்து வீட்டுப் பாத்திரத்துக்கு வந்தது. உருண்டை உடலும் இரட்டை வாலும் புடைத்த கண்ணும் மனிதன் விரும்பித் தேர்ந்த வடிவங்கள். அவ்வுடலோடு அது வேகமாக நீந்தவும் இயலாது. பகைக்குத் தப்பவும் இயலாது. உடல் வலுவுள்ள சாதாரண வகையை ஏரியில் விட்டாலோ, அங்குள்ள உயிர்களுக்குக் கேடு. ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் அவ்வாறு விடப்பட்டவை ஒரு கிலோவுக்கு மேல் பெருத்து ஆற்றையே கலக்கின. எனவே, “ஆற்றில் விட்டுவிட்டேன்” என்பது கருணையாகாது. சுமையை இறக்கி வைத்தலே ஆகும். திருப்பிக் கொடுக்க இடமில்லாத அமானிதம் இது. கையில் வாங்கியவர் முறையாகக் காப்பது ஒன்றே அதற்குரிய வழி.

முறை என்பது யாது? நம் கண்ணுக்கு எது அழகு என்று கேட்பதை விட்டு, மீனுக்கு எது போதும் என்று கேட்பது. இத்தாலியில் ரோம் நகர மன்றம் 2005-ஆம் ஆண்டில் வட்டக் குடுவையில் மீன் வைப்பதையே தடை செய்தது. ஒரு தங்கமீனுக்கு எழுபது, எண்பது லிட்டர் நீராவது வேண்டும் என்பது பழகியவர்கள் கூறும் கணக்கு. வெளியில் வைக்கும் தொட்டி வாயகன்றதாகவும், நண்பகல் வெயில் படாததாகவும் இருக்கட்டும். புதுச் சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பின் காரம் கசியும். பலமுறை நீர் நிரப்பிக் கொட்டிய பின்னரே மீனை விட வேண்டும். காகத்துக்கும் மீன்கொத்திக்கும் பூனைக்கும் எதிராக மேலே ஒரு வலை வேண்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றினால் போதும். அதையும் குளோரின் நீக்கியே ஊற்ற வேண்டும்.

கோய் கெண்டையை விரும்புவோர் இன்னும் ஆழ்ந்து எண்ண வேண்டும். ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமங்களில், உணவுக்காகக் கெண்டை வளர்த்த நெல் உழவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் நீர்நிலைகளில் தோன்றிய வண்ணக் குஞ்சுகளைத் தனியே பேணி உருவாக்கிய இனம் அது. 1914-இல் டோக்கியோ கண்காட்சிக்குப் பிறகே அது பரவலாக அறியப்பட்டது. கடையில் விரல் நீளத்தில் விற்கப்படும் குஞ்சு இரண்டடிக்கும் வளரும். ஆளின் இடுப்பளவு ஆழமும் ஆயிரக்கணக்கான லிட்டர் நீரும் கொண்ட குளம் இல்லாதவர், அதை வாங்காமல் இருப்பதே அதன்மீது காட்டும் அன்பு.

கொளத்தூரிலிருந்து திரும்பிய அன்றிரவு மகளை அழைத்து, “அன்றைக்கு வாப்பா சொன்னது முழு உண்மையில்லைம்மா” என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. “அப்ப நம்ம தப்புதானா?” என்று கேட்டாள். “ஆமாம்மா” என்றேன். பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்வது எளிதன்று. ஆயினும், தவறுக்குப் பெயரிடாமல் வளரும் பிள்ளை, நாளை தன் பிழைகளுக்கும் அந்தப் போர்வையையே தேடும் அல்லவா?

இப்போது எங்கள் கொல்லைப்புறத்தில், கீற்றுக் கொட்டகையின் நிழலில், அறுநூறு லிட்டர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் மூன்றே தங்கமீன்கள் வளர்கின்றன. தீனியை மகள்தான் அளந்து போடுகிறாள். மூன்றாண்டுகள் ஆகின்றன. அவற்றுக்கும் ஒருநாள் ஹயாத்து முடியும். அன்று அந்தச் சொல்லைக் கூசாமல் சொல்லும் தகுதி எங்களுக்கு இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.