தேராது தெளிதல்

1885இல் பிரிட்டிஷ் அரசின் நில அளவையாளர் வில்லியம் கேமரன், மலாயாவின் பேராக் - பகாங் எல்லை மலைகளில் மென்சரிவான மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக எழுதினார். இடத்தைத் துலக்கமாகக் காட்டும் வரைபடம் பின்வந்தவர்களுக்குக் கிட்டவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் போய்ப் பார்த்த பிறகே மலைவாசத்தலத் திட்டம் சூடுபிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழர்கள் கொழுந்து பறித்த சரிவுகளும், காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த இன்றைய திரிங்காப்பு ஊரும் அந்த மலைத்தொடரில்தான் உள்ளன.

எழுதி வைத்த சொல்லை எதுவரை நம்புவது? எந்த இடத்தில் நாமே இறங்கிப் பார்ப்பது? அறிவு பெறும் வழியான அளவை என்ற பெயரில் தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட இந்தக் கேள்வி, கணினிமுன் உட்காரும் எவருக்கும் இன்று அன்றாடம் எழுகிறது.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டைக் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பரில் வெளியிட்டார்கள். கோப்பிலுள்ள சொற்களை எண்ணும் ‘டபிள்யூசி’ கட்டளை அதிலேயே உண்டு. அந்நாளில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். 1992இல் அதே தாம்ப்சன், ராப் பைக்குடன் சேர்ந்து யுடிஎஃப்-8 முறையை வடிவமைத்தார். அதில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். இப்போதைய கையேட்டின்படி, டபிள்யூசியுடன் ‘-சி’ என்று கொடுத்தால் பைட்டுகளை எண்ணும். ‘-எம்’ என்று கொடுத்தால் எழுத்துகளை எண்ணும்.

லினக்ஸில் ‘எக்கோ’ கட்டளை வழியாகத் ‘தமிழ்’ என்ற சொல்லை டபிள்யூசிக்கு அனுப்பிப் பார்த்தால், ‘-சி’ 16 என்கிறது. ‘-எம்’ 6 என்கிறது. பள்ளிப்பிள்ளை எண்ணினால் மூன்றுதான். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், எக்கோ தானாகச் சேர்க்கும் வரிமுடிவு ஒன்று, ஆக ஆறு. ஐம்மூன்று பதினைந்து பைட்டுடன் வரிமுடிவின் ஒரு பைட்டும் சேர்ந்து பதினாறு. கையேடு பொய் சொல்லவில்லை. தமிழ் வாசகர் எதை எழுத்து என்று கொள்வார் என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அரை நிமிடச் சோதனையில் இது வெளிச்சமாகிவிடுகிறது.

இத்தகைய தடுமாற்றத்தை மணிமேகலைக் காப்பியமும் பேசுகிறது. அதன் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். வைதிகத்தைச் சேர்ந்த அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். அறிவு தடம்புரளும் எட்டு வகைகளையும் கூடவே சொல்கிறான். தூரத்தில் நிற்பது கட்டையா, ஆளா என்று தயங்குவது ஐயம். ஆராயாமலே அது ஆள்தான் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். கையேட்டில் இருபொருள்படும் வரியைப் படித்ததும் ஐயம் வருவதில் குற்றமில்லை. தனக்குத் தோன்றிய பொருளே சரி என்று உண்மையான கோப்புகளின்மேல் கட்டளையை ஏவுவதுதான் ஆபத்து.

அதற்காகப் பிறர் சொன்ன உரையே வேண்டாம், நேரில் காணும் காட்சி ஒன்றே போதும் என்று சார்வாகர் வழியில் போய்விடவும் முடியாது. எல்லாவற்றையும் தானே சோதித்துத் தீர ஒருவருக்கு ஆயுள் போதாது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரில் அறிந்தவராகவும் அறிந்தபடியே சொல்ல விழைபவராகவும் இருப்பவரே நம்பத்தக்கவர் என்றார். அத்தகுதி முனிவருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சொன்னார். முதல் யூனிக்ஸ் கையேட்டின் பக்கங்களில் ‘பிழைகள்’ என்றே ஒரு பகுதி இருந்தது. தம் நிரலின் குறையைத் தாமே எழுதிவைத்த தாம்ப்சனும் ரிட்சியும் வாத்ஸ்யாயனரின் இலக்கணத்துக்குப் பொருந்துகிறார்கள்.

சோதித்துக் கண்டதும் முடிந்த முடிபாகாது. கணினியின் மொழி அமைப்பை (லொகேல்) ‘சி’ என்று மாற்றிவிட்டால், அதே லினக்ஸில் அதே ‘-எம்’ 6 என்பதை விட்டு 16 என்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பலரும் சொல்லும் அளவைகளைக் காட்சி, கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றில் அடக்கினார். ஐயமும் திரிபும் நீங்கியதையே காட்சி என்று ஏற்றார். சோதனையின் சூழலை அறியாதவருக்கு அதன் விடையும் திரிபாகவே முடியும்.

சிலவற்றை நேரடியாகச் சோதிக்கவே கூடாது. 1996இல் வந்த, கோப்புகளை நகலெடுக்கும் ‘ஆர்சிங்க்’ கட்டளையில் மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு இருந்தால் உள்ளிருப்பவை மட்டும் நகலாகும். இல்லாவிட்டால் கோப்புறையோடு சேர்ந்து நகலாகும். அழிக்கும் தெரிவையும் சேர்த்துவிட்டால் அந்த ஒரு கோடு காப்புநகலையே துடைத்துவிடலாம். இதற்காகவே அதில் ஒத்திகைத் தெரிவு இருக்கிறது: செய்யப்போவதைப் பட்டியலிடும், எதையும் தொடாது. வெற்றுக் கோப்பு இரண்டை உருவாக்கி, தனிக் கோப்புறையில் வைத்துப் பார்ப்பதும் அதே எச்சரிக்கைதான்.

இப்படிச் சோதித்தவரின் கடமை விடை கிடைத்ததோடு முடிந்துவிடக் கூடாது. அவர் கண்டது அடுத்தவருக்கு உரையாக வேண்டும். எந்தப் பதிப்பு, எந்த மொழி அமைப்பு, கொடுத்த கட்டளை எது, வந்த விடை எது என்று நான்கு வரி எழுதி, கையேட்டைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். தமிழிலும் எழுதி வையுங்கள்.