பரங்கிமலைப் படிக்கட்டு

பரங்கிமலையை மலை என்பதே கொஞ்சம் மரியாதைக்குத்தான். முந்நூறு அடி இருக்கும். ஆனாலும் படியேறுகிறவர்கள் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். பக்கவாட்டில் சிலுவைப்பாதை நிலைகள்; தலைக்கு மேல் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் இரைச்சல். செபம் சொல்கிறவர்கள் அதற்காக நிறுத்துவதில்லை.

*

உச்சியில் மாதா கோயில். பலிபீடத்துக்குப் பின்னால் கற்சிலுவை. 1547-இல் போர்ச்சுகீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. மொட்டுப் போல விரியும் முனைகள், மேலே தலைகீழாக இறங்கும் புறா, சுற்றிலும் வளைவாக பஹ்லவி எழுத்து. அதாவது இடைக்காலப் பாரசீகம். இயேசுவின் சீடர் தோமா தம் கையால் செதுக்கினார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. எழுத்தைப் பார்த்தவர்கள் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்கிறார்கள். வாசகத்தின் பொருளில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் கல் செந்நீராக வியர்த்ததாம். 1704 வரை அவ்வப்போது அப்படி நடந்ததாகச் சொல்கிறார்கள். அதில் வழக்காட எனக்கு மனமில்லை. முழங்காலிட்டிருப்பவர்கள் யாரும் அந்த எழுத்தைப் படிக்க முயல்வதாகத் தெரியவில்லை.

*

என் மனம் நிற்பது சிலுவையில் அல்ல, படிகளில். 1726-இல் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். அதே ஆண்டு சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலமும் அவர் செலவில் எழுந்தது. ஆற்றைத் தாண்டினால்தானே மலைக்கு வர முடியும்? காணிக்கையை உண்டியலில் போடாமல் நடக்கிறவர் காலடியில் போட்ட மனுஷர்.

கட்டியதோடு விட்டிருந்தால்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். பராமரிப்புக்கென்று தனியாகப் பணமும் ஒதுக்கி வைத்தார். கட்டுகிறவர்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. பெயர்ந்த கல்லை யார் மாற்றுவார் என்று முன்கூட்டியே கவலைப்படுகிறவர் அபூர்வம். அந்தக் கவலையைத்தான் நான் பக்தி என்பேன்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சாய மறுத்தார். சொத்து பறிபோனது. 1751-இல் இறந்தார், வேப்பேரியில் அடக்கம்.

*

பாலம் இப்போது இல்லை. அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம். உஸ்கானின் கல்வெட்டு மட்டும் சாலையோரம் நிற்கிறது. பேருந்தில் போகிறவர் கண்ணில் படாது. மலைக்கும் வண்டிப் பாதை வந்துவிட்டது, அநேகம் பேர் அதில்தான் வருகிறார்கள். தவக்காலத்தில் மட்டும் படிவழியே ஏறுகிறார்கள், சிலர் செருப்பில்லாமல்.