சாட்சி

ஒருவன் 'இரவில் தூங்க முடியவில்லை' என்கிறான். அவன் சொல்லை நம்ப நமக்கு வேறென்ன வேண்டும்? ஸ்மார்ட் ஸிட்டி, டிஜிட்டல் உள்ளாட்சி என்ற பெயர்களில் பல தேசத்து நகராட்சிகளும் சர்வகலாசாலைகளும் கைகோத்து நடத்துகிற ஆராய்ச்சிகளின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. இதைத் தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் பார்க்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

பார்ஸிலோனாவின் கிராஸியா பகுதியில் பிளாஸா டெல் ஸோல் என்றொரு சதுக்கம். சுற்றிலும் மாடி வீடுகள். கீழே மதுக்கடைகள், உட்கார வசதியான படிகள். நடுநிசி தாண்டியும் இளைஞர்கள் அங்கே பேசிக்கொண்டிருப்பார்கள். மேலே குடியிருப்பவர்கள் வெகுகாலமாகப் புகார் சொன்னார்கள். புகார் புகாராகவே இருந்தது. ஐரோப்பிய யூனியனின் நிதியில் 2015 இறுதியில் தொடங்கிய 'மேக்கிங் ஸென்ஸ்' என்ற திட்டத்தில் ஆம்ஸ்டர்டாமின் வாக் ஸ்தாபனம், பார்ஸிலோனாவின் ஃபாப் லாப், ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம், கொஸோவோவின் இளைஞர் அமைப்பொன்று எல்லாம் சேர்ந்திருந்தன. 2017-ல் சதுக்கத்துவாசிகள் சின்ன ஸென்ஸர்களைத் தங்கள் பால்கனிகளில் மாட்டிக்கொண்டார்கள். தூங்கும் அறைக்கு 30 டெஸிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-ல் சொன்ன அளவு. அளந்தது அதற்கு வெகு மேலே இருந்தது. எண்களோடு போனபோது நகராட்சி அசைந்தது. குப்பை லாரி வரும் நேரம் மாறியது. படிகள் இருந்த இடத்தில் பூந்தொட்டிகள் வந்தன.

இதை வெற்றி என்று எழுதுகிறார்கள். வெற்றிதான். கொஸோவோவின் பிரிஷ்டினாவில் நிலக்கரிப் புகையைச் சுவாசித்த இளைஞர்கள் இதே திட்டத்தில் தங்கள் காற்றைத் தாங்களே அளந்தார்கள். அதுவும் சின்ன விஷயமல்ல. அதிகாரத்திடம் மட்டுமே இருந்த அளவுகோல் அளக்கப்படுகிறவன் கைக்கு வருவது ஒரு நியாயம். ஆனால் இதே வெற்றி ஓர் அவமானத்தையும் சுமந்திருக்கிறது. அத்தனை வருஷம் மனிதர்கள் சொன்னபோது அது 'அபிப்பிராயம்'. கருவி சொன்னபோது 'உண்மை'. தூக்கம் கெட்டவனைவிட அவன் ஜன்னலில் தொங்கிய பெட்டி நம்பத் தகுந்த சாட்சியாகிவிட்டது.

டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் (1854) ஸிஸ்ஸி ஜூப் என்ற பெண் சர்க்கஸ் குதிரைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். வகுப்பில் குதிரையை வரையறுக்கச் சொன்னால் அவளுக்கு வாய் வரவில்லை. பல்லை எண்ணி ஒப்பிக்கிற பிட்ஸர்தான் குதிரையை அறிந்தவனாகிறான். கல்லூரியில் இதை வாசித்துச் சிரித்தேன். பிறகு நானும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதாகச் சான்று தரவேண்டும். 2014 முதல் அதை விரல் ரேகை வைத்தும் தரலாம். மில்லில் உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவர் வந்தார். மாதாமாதம் பார்க்கிற முகம். ரேகை தேய்ந்துபோன விரல். கருவி மூன்று தரம் மறுத்தது. "கையை நல்லாக் கழுவிட்டு நாளைக்கு வாங்க ஐயா" என்றேன். "நான்தான் முன்னால நிக்கிறேனே தம்பி" என்றார். காகிதப் படிவம் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதில் அவரிடம் கையெழுத்து வாங்கி அதிகாரியிடம் நீட்டியிருக்கலாம். வரிசை நீளமாக இருந்தது; நான் எடுக்கவில்லை. கருவிமேல் பழி போட எனக்கு யோக்யதை இல்லை. அது அதற்குத் தெரிந்ததைச் சொன்னது. எனக்குத் தெரிந்ததை நான்தான் சொல்லவில்லை. நம்பவேண்டிய பொறுப்பிலிருந்து அது எனக்கு விடுதலை தந்தது, நானும் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே கருவி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் எனக்கு வெறும் வாதமாகவே தோன்றுகிறது. யார் கேள்வி கேட்கிறார்கள், பதிலை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் விஷயம். டொரான்டோவில் கூகிளின் சகோதர நிறுவனமான ஸைட்வாக் லாப்ஸ் ஏரிக்கரையில் ஒரு பேட்டையையே ஸென்ஸர்களோடு கட்டுவதாக 2017-ல் அறிவித்தது. சேகரிக்கிற ஒவ்வொருவரும் ஆள் அடையாளத்தை உடனே நீக்கிவிடுவார்கள் என்ற உறுதி கிடைக்காததால் ஆலோசகராக இருந்த ஆன் கவூக்கியன் 2018-ல் விலகினார். 2020 மே மாதம் நிறுவனமே விலகியது. அங்கே குடிவர இருந்தவன் அளக்கப்படும் பொருள். இதற்கு நேர் எதிராக, பார்ஸிலோனாவும் ஆம்ஸ்டர்டாமும் 2017 முதல் 2019 வரை 'டிகோட்' என்ற கூட்டுத் திட்டத்தை நடத்தின. வீட்டுச் சத்தத்தை அளக்கிற கருவி வீட்டில் ஆள் எப்போது இருக்கிறான் என்பதையும் சொல்லிவிடும். எதை, யாரிடம், எவ்வளவு துல்லியமாகச் சொல்லலாம் என்பதை வீட்டுக்காரனே தீர்மானிக்க அது வழி தேடியது. சொல்லுகிற உரிமையோடு சொல்லாமலிருக்கிற உரிமையும் ஒருவனுக்கு உண்டு என்று ஒரு நகரம் ஏற்பது எனக்கு மரியாதையாகப் படுகிறது.

ஆனாலும் அந்தப் படிகளை மறக்க முடியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் காசு கொடுத்து மதுக்கடை நாற்காலியில் உட்கார முடியாதவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பேச்சு டெஸிபலாக மட்டுமே பதிவாயிற்று. என்ன பேசினார்கள், வேறெங்கே போவார்கள் என்பதற்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. தூங்க வேண்டியவனுக்கும் பேச வேண்டியவனுக்கும் நடுவில் எது நியாயம் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. எண் வழக்கைத் தொடங்கிவைக்கும். தீர்ப்பை மனிதர்கள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும்.

பெரியவர் மறுநாள் வந்தார். கையைக் கழுவியிருந்தார்; ஈரம் காயவில்லை. இந்தத் தடவை நான் கருவியைத் தொடவில்லை. இழுப்பறையைத் திறந்தேன்.