வயல்வாடி நாயின் காலுக்கு யார் பொறுப்பு?

மாரி பிறந்துவிட்டால் படுவான்கரையில் சேற்றுப்புண் இல்லாத காலைக் காண்பது அரிது. பழுகாமத்து வயற்காரர் எவரையும் கேட்டுப் பாருங்கள். வாவிக்கு மேற்கேயுள்ள வயல்வெளி ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை நீரும் சேறுமாகவே கிடக்கும். கால்விரல் இடுக்குகள் ஊறி வெளுத்து, வெடித்து, இரவில் உறங்கவிடாமல் கடுக்கும். வீடு திரும்பியவர் காலைக் கழுவித் துடைத்து, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவி, அடுப்பங்கரையில் சற்றுநேரம் காலை நீட்டியிருப்பார்.

அதே சேற்றில் அவரோடு நிற்கும் இன்னொரு ஜீவனும் உண்டு. அதுதான் வாடி நாய். பன்றி வந்தாலும் யானை வந்தாலும் முதலில் எழுந்து குரைப்பது அது. அதற்கும் விரல்கள் உண்டு, விரலிடுக்குகளும் உண்டு. அங்கே மயிரும் இருப்பதால் ஈரம் நம்முடைய காலைவிட நெடுநேரம் தங்கும். தோல் சிவந்து, வீங்கி, நாற்றமெடுத்து, சில வேளைகளில் சீழ் வைக்கும். மட்டிச் சிப்பியும் உடைந்த போத்தலும் முட்கம்பியும் கிழித்த காயமானால் சேறு பட்டுப் பட்டு ஆறவே ஆறாது. அந்தக் காலை யார் கழுவுகிறார்கள்?

வாசகர்களே, நகைக்காமல் இந்தக் கேள்வியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த நாயின் கால் நம்முடைய இரக்கத்தைச் சேர்ந்த விஷயமா, நீதியைச் சேர்ந்த விஷயமா? இரக்கம் என்றால், மனமிருந்தால் செய்வோம், இல்லாவிட்டால் விடுவோம். எவரும் வந்து கணக்குக் கேட்கப்போவதில்லை. நீதி என்றாலோ அது கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன்.

“மனிதருக்கே மருந்தில்லை, நாய்க்கு வைத்தியமா?” என்று உங்களில் பலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1992 இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418 ஆம் எண்ணில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்கு வாரியிறைப்பதும் தகாது என்கிறது. ஆனால் பழுகாமத்து நாயின் காலுக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு சட்டி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பழைய சீலைத்துண்டு, பத்து நிமிடம். இதனால் எந்த ஏழையின் சோறும் குறையப்போவதில்லை. ஏழையின் பெயரைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்கிறோமோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

அறிஞர்கள் இதில் ஒரே வழியில் போகவில்லை. 17 ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவஞானி விலங்கை மணிக்கூட்டைப் போன்ற இயந்திரத்துக்கு ஒப்பிட்டார். நாய் வளர்த்தவர் எவரும் அதை ஒப்பமாட்டார். அதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அவருக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னரே புனித தோமஸ் அக்குவினாஸ் விலங்கும் நோவை உணரும் என்பதை ஏற்றுக்கொண்டார். ஆயினும் விலங்குக்குக் கொடுமை செய்யலாகாது என்பதற்கு அவர் காட்டிய முக்கிய காரணம் மனிதனைப் பற்றியது: மிருகத்திடம் கொடியவனாகப் பழகுபவன் மனிதரிடமும் கொடியவனாவான், மிருகத்துக்கு இரங்குபவன் மனிதருக்கும் இரங்குவான். இது உண்மைதான். பூனைக்குட்டியின் வாலில் தகரம் கட்டி மகிழும் பிள்ளையைத் தாய் கண்டிப்பதும் இதனால்தான். ஆனால் எனக்கு இது போதவில்லை. இந்தக் கணக்கில் நாயின் கால் நமக்கு நல்லொழுக்கம் பயிற்றும் ஒரு பாடப்புத்தகமாக மட்டுமே ஆகிறது. நோகிறது என்னவோ நாய்க்குத்தானே?

இணைச்சட்ட நூலின் 25 ஆம் அதிகாரத்தில், போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்ற கட்டளை இருக்கிறது. உழவு இயந்திரம் வருமுன் மாடு விட்டுச் சூடு மிதித்த பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிதிக்கிற மாடு இரண்டு வாய் வைக்கோலும் கதிரும் தின்னத்தான் செய்யும். அது திருட்டல்ல, கூலி. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இக்கட்டளையை எடுத்து, இது மனிதருக்காகவே சொல்லப்பட்டது என்று நற்செய்தி ஊழியரின் உரிமைக்குப் பயன்படுத்துகிறார். இதைக் காட்டி, கடவுளுக்கு மாட்டைப் பற்றி அக்கறையில்லை என்று வாதிடுவோர் உண்டு. நான் அப்படி வாசிப்பதில்லை. மாட்டுக்கு ஒரு நியாயம் உண்டென்றால்தான், உழைக்கும் மனிதனுக்கு எவ்வளவு உண்டு என்ற பவுலின் வாதம் நிற்கும். அடியில் உள்ள படியை உடைத்துவிட்டு மேற்படியில் ஏற முடியாது. ஓய்வுநாள் கட்டளையிலும் மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்று பெயர் சொல்லியே கூறப்பட்டிருக்கிறது.

ஆகவே வாடி நாயை நான் வேலையாளாகப் பார்க்கிறேன். வேலை வாங்கினோம், அந்த வேலையில்தான் கால் புண்ணானது. கூலியாளின் கையில் கத்தி பட்டால் மருந்துக்குக் கொடுக்காத போடியாரை ஊர் என்ன சொல்லும்?

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் படங்களில், பனியில் நிற்கும் நாய்க்குச் சப்பாத்து மாட்டியிருப்பதைக் கண்டு நம் வீடுகளில் சிரிக்கிறார்கள். செல்லத்துக்கும் ஓர் அளவில்லையா என்கிறார்கள். அங்கே நிலைமை வேறு. நம்மூரில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ரொறன்ரோவில் நீர் உறையும் நிலைக்கும் கீழே பத்து, இருபது பாகை வரை இறங்குவதுண்டு. நாயின் பாதத்தைக் கடவுள் குளிருக்கும் ஏற்றதாகவே அமைத்திருக்கிறார். உள்ளங்காலுக்குச் செல்லும் சூடான இரத்தக் குழாயை ஒட்டியே, குளிர்ந்த இரத்தம் திரும்பும் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. போகிற இரத்தம் வருகிற இரத்தத்தைச் சூடாக்கி அனுப்புகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011 இல் இதை விளக்கி எழுதினார்கள். ஆனால் இந்த ஏற்பாடு வீதியில் கொட்டும் உப்பை எதிர்பார்க்கவில்லை. பனிக்கட்டி உருகத் தூவும் சோடியம் குளோரைட்டும் கல்சியம் குளோரைட்டும் வெடித்த பாதத்தில் எரியும். அதை நக்கினால் வயிறும் கெடும். விரலிடுக்கு மயிரில் பனி உருண்டையாகத் திரண்டு, நடக்க நடக்கக் கல்லைப்போல் அழுத்தும். நம் நாய்க்குச் சேறு, அங்குள்ள நாய்க்குப் பனி. வலிக்கிற இடம் ஒன்றுதான்.

சப்பாத்து செல்லம் என்று எண்ணுவோர் அலாஸ்காவை நோக்கட்டும். 1925 இல் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறக்குறைய 1,085 கிலோமீற்றர் பனிவெளியில் மருந்தைச் சேர்த்தவை வண்டி இழுக்கும் நாய்கள். 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் மாறி மாறி ஓடி, ஆறு நாட்களுக்குள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதே நிலத்தில் 1973 முதல் நடக்கும் இடிட்டரொட் என்ற நெடும் பந்தயத்தில், வண்டியோட்டி ஒவ்வொரு நாய்க்கும் 8 காலுறைகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் நாயை மடியில் வைத்துக் கொஞ்சுபவர்கள் அல்லர். அதனிடம் வேலை வாங்குபவர்கள்.

பழுகாமத்தாருக்கு இன்னொரு பனிமலை நாயையும் தெரியும். திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் உள்ள ஊரில் பாண்டவர் கதையை நான் சொல்லித்தரத் தேவையில்லை. இமயத்தில் தம்பியரும் திரௌபதையும் ஒவ்வொருவராக விழுந்தபின் தருமரோடு கடைசிவரை நடந்தது ஒரு நாய். தேர் வந்தபோது, என்னை நம்பி வந்ததை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று அவர் நின்றார். அந்த நாயின் அழகையோ அறிவையோ அவர் காரணமாகக் காட்டவில்லை. கூட நடந்தது என்ற ஒன்றே அவருக்குப் போதுமாயிருந்தது. நம்முடைய தோபித்து நூலிலும் இளைஞன் தோபியாவோடும் வானதூதரோடும் ஒரு நாய் வழி நடக்கிறது. போகும்போதும் இருக்கிறது, திரும்பும்போதும் இருக்கிறது.

இந்தக் கடனைத் தீர்ப்பதில் உள்ள பெரிய சிரமம், கடன் கொடுத்தவன் வந்து கேட்கமாட்டான் என்பது. நாய் வலியை மறைக்கும். மூன்று காலில் நொண்டும்வரை நாம் கவனிப்பதில்லை. அதற்கு முன்பே அடையாளங்கள் உண்டு. ஒரே பாதத்தை ஓயாமல் நக்கும்; வெளிறிய மயிரானால் எச்சில் பட்டு அது செம்பழுப்பாக மாறியிருக்கும். எழுந்திருக்கத் தாமதிக்கும். மணலில் நடந்து கல்லில் தயங்கும். நாயின் நாக்கிலேயே மருந்துண்டு என்று சொல்லிச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஓயாமல் நக்குவதால் ஈரம் கூடிப் புண் பெருகும்.

மாலையில் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, காய்ந்த சாக்கில் படுக்க விடுங்கள். மண்ணெண்ணெயும் கழிவு ஒயிலும் வேண்டாம். அவை தோலை எரிக்கும், நக்கினால் நஞ்சு. நமக்கு வாங்கிய பனடோலையும் கொடுக்கக் கூடாது. சீழோ ஆழமான காயமோ இருந்தால் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். நோவுள்ள நாய் தன் எசமானையும் கடிக்கும். ஆகவே வாயைத் துணியால் தளர்வாகக் கட்டிவிட்டே காலைத் தொடுங்கள், வேலை முடிந்ததும் உடனே அவிழ்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை நாய்க்கு வருடந்தோறும் போடுவதும் இதே கடனில் அடங்கும்.

மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து வாடியைப் பிரிப்பீர்கள். நெல்மூட்டைகள் உழவு இயந்திரத்தில் ஏறும். சட்டிபானையும் பாயும் ஏறும். நாய் பெட்டிக்குப் பின்னால் ஓடி வரும், பட்டிருப்புப் பாலம் வரையும்கூட. அன்று புறப்படுமுன் அதன் நான்கு பாதங்களையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பிறகு அதையும் மூட்டைகளுக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.