ஆறாத புண்ணும் வினைக் கணக்கும்

காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தால், பார்க்க வருகிறவர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: என்ன பாவம் செய்தாரோ? பெரும்பாலும் வாசலைத் தாண்டிய பிறகுதான் அது வாய்விட்டு வரும். புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற செவிலியரின் கேள்வி வேறு: இந்தக் கால் எந்த இடத்தில் அழுந்துகிறது? முதல் கேள்விக்குத் தத்துவத்தின் கனம் இருப்பதாகவும் அடுத்தது வெறும் வைத்தியம் என்றும் தோன்றலாம். சமயங்களின் உள்ளே நின்று பார்த்தாலும் செவிலியரின் கேள்விதான் அறத்துக்கு நெருக்கமானது என்பது என் துணிபு. அதற்கு வலுவான சான்று வேலூரில் கிடைத்தது.

கொல்லிமலையில் 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளியின் தசையே கெட்டது, அதில் புண் ஆறாது, விரல்கள் தாமாக உதிரும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும், ஒவ்வொரு காயமும் எப்போது, என்ன வேலையின்போது வந்தது என்று துருவித் துருவிப் பார்த்தார்கள். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியது, ஆணி குத்தியது தெரியாமலே நாள் முழுக்க நடந்தது என்று காரணங்கள் வெளிவந்தன. இரவோடு இரவாக விரல் குறைந்து போவது மட்டும் புரியவில்லை. விழித்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடிப்பதும், வலி தெரியாததால் அவர் விழிக்காததும் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பியவர்களோடு பூனைகளையும் அனுப்பினார்கள். தசையில் கேடு இல்லை. உணர்வு நரம்பு செத்ததுதான் கேடு. அழுத்தத்தை நீக்கினால் அந்தத் தசையும் மற்றவர் தசையைப் போலவே ஆறியது. பாதம் முழுவதையும் ஒட்டிப் பிடித்து உடல் எடையைப் பரப்பும் மாவுக்கட்டு இந்தப் புரிதலோடு வளர்ந்தது. 1960களில் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அந்த முறையும் உடன் போனது. உள்ளங்காலில் வரும் சர்க்கரைப் புண்ணுக்கு இன்று உலகெங்கும் அது பயன்படுகிறது.

‘கெட்ட தசை’ என்ற கொள்கையும் ‘கெட்ட வினை’ என்ற விளக்கமும் ஒரே வேலையைத்தான் செய்தன. இரண்டும் காரணத்தை நோயாளிக்குள்ளேயே வைத்துப் பூட்டின. அதற்குமேல் தேட எதுவும் மிச்சமில்லை. எலியை யாரும் பார்க்காமல் போனதற்கு அறியாமை மட்டும் காரணமாகத் தெரியவில்லை. விடை ஏற்கெனவே கையில் இருந்ததுதான் காரணம். வினைக் கொள்கையை ஏற்ற மரபுகளே இந்த அவசரத்தை ஏற்கவில்லை என்பது நாம் போதிய அளவு பேசாத செய்தி. பௌத்த நூலான சங்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்ற துறவி, மனிதர் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தானா என்று புத்தரிடம் கேட்கிறான். பித்தம், கபம், வாதம், இவற்றின் சேர்க்கை, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, பிறர் தாக்குதல் என்று ஏழு காரணங்களை அடுக்கிய பிறகே எட்டாவதாக வினையைச் சொல்கிறார் புத்தர். எல்லாவற்றையும் வினையின் தலையில் கட்டுகிறவர்கள் கண்ணால் காண்பதையும் மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். விவிலியத்தின் யோபுவும் உடலெங்கும் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் சுரண்டிக்கொண்டவர்தான். நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட இருந்தார்கள். பிறகு, நீ பாவம் செய்திருப்பாய் என்று வாதாடத் தொடங்கினார்கள். யாரேனும் அந்தப் புண்ணைக் கழுவியதாக நூலில் ஒரு வரி இல்லை. முடிவில் கடவுள் கடிந்துகொள்வது அந்த நண்பர்களைத்தான்.

சர்க்கரை நோயாளியின் விஷயத்தில் குற்றம் உண்மையிலேயே அவருடையதுதானே, வாயைக் கட்டவில்லை, செருப்புப் போடவில்லை என்று ஒரு மறுப்பு வரும். பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எச்சரிக்கை கிடைத்தவரிடம்தான் முழுப் பொறுப்பைக் கேட்க முடியும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைக்கும்போது, சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்விழந்தவருக்கு அது தெரிவதில்லை. அதே பாதம் இரவில் தீயாக எரியவும் செய்யும். எரிச்சல் இருக்கிறது, காவல் இல்லை. வலியை ஒரு கொடை என்று பிராண்ட் எழுதியதை, வலி எல்லாமே நல்லது என்று நீட்டக் கூடாது என்பதற்கும் இந்தப் பாதமே சாட்சி. காவல் போன இடத்தில் இன்னொருவர் காவல் நிற்கவேண்டியிருக்கிறது. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும், செத்த தோலைச் சீவி எடுப்பதும், எலும்புவரை சீழ் இறங்கிவிட்டால் மேல்கையிலிருந்து இதயத்தருகே வரை மெல்லிய குழாய் செலுத்தி வாரக்கணக்கில் மருந்து ஏற்றுவதும் அந்தக் காவல்தான்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. ‘எல்லாம் என் வினை’ என்று நம்புவது பலருக்கு ஆறுதல். அதை ஏன் பிடுங்க வேண்டும்? பிடுங்க வேண்டாம். தன் துன்பத்துக்குத் தானே பொருள் தேடிக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. அந்த நம்பிக்கையோடு மருந்தும் எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். அதே வாக்கியத்தைக் கட்டிலுக்கு வெளியே நிற்பவர் சொல்லும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது. நோயாளிக்குப் பொறுமை தந்த சொல், நிற்பவருக்கு நகர்ந்துபோக அனுமதி தருகிறது. வினைக்குப் பயன் உண்டு என்றால், இந்தப் புண்ணுக்கு முன்னால் நின்று நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் வினைதான்.

ஆறவே ஆறாத புண்களும் உண்டு. புற்று வெடித்த புண்ணை எந்த மாவுக்கட்டும் மூடாது. காரணம் தேடுவதில் பயனில்லாத அந்த நிலையிலும் கட்டு மாற்றும் வேலை நிற்பதில்லை. மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்மேல் இட்டால் நாற்றம் குறையும். நோய் அதனால் சற்றும் பின்வாங்காது. ஆனால் அந்த நாற்றத்துக்கு அஞ்சி அடுத்த அறையில் படுத்த மகன் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார முடியும்.