ஊசியும் சாட்சியமும்

பழனி மலைக்கோயிலில் போகர் சமாதி இருக்கிறது. அவர் சீனம் சென்றவர் என்பது ஐதீகம். என் கழுத்துவலிக்கு ஊசி குத்தியவர் அதையே சான்றாகச் சொன்னார். வலி குறைந்தது. ஆகவே அவர் வரைந்து காட்டிய உயிரோட்டப் பாதைகளும் உடலில் இருந்தாக வேண்டுமா?

1960களில் வடகொரியாவின் கிம் போங்-ஹான் அவற்றை நுண்குழாய்களாகவே கண்டதாக அறிவித்தார். மருத்துவ உலகம் ஏற்கவில்லை. 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்து ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளியான சோதனையில், புள்ளியல்லாத இடத்தில் மேலாகக் குத்திய ஊசியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது.

மலைமேல் கொடைக்கானலில், 1909இல், எவர்ஷெட் சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் விலகுவதைக் கண்டு வாயுவின் ஓட்டத்தை அறிந்தார். அவரும் ஓட்டத்தை நேரில் காணவில்லை. ஆனால் அந்தக் கோடு நம்பாதவன் கருவியிலும் விலகுகிறது.

என் நிவாரணம் நிஜம். தொகை சரியாக இருப்பதாலேயே காசோலையின் கையெழுத்து உண்மையாகிவிடாது என்பதும் வங்கி குமாஸ்தாவான எனக்குத் தெரியும். இதை அவரிடம் சொல்ல வேண்டும். மறுபடி வலிக்கும்போது சொல்வேனா?